இறங்கும் முன் படிக்கவும்

அந்த வீட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. நல்ல வெயில். எதிர் வீட்டில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

அச்சகத்தில் பன்னிரண்டு வருடம் பிழை திருத்தியவன் என்பதால் தெரிந்தவர்கள் எல்லோரும் அவனை ‘புரூஃப்’ என்றே கூப்பிட்டார்கள். அச்சகத்தை மூடிய பிறகு நாலு வலைப்பூ தொடங்கிப் பார்த்தான். பயணம், சமையல், உடல்நலம், கைபேசி. நாலிலும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் மூன்று பேர் வந்ததாகக் கணக்குக் காட்டியது. அந்த மூன்று பேரும் தானேதான் என்பது சாயங்காலம் விளங்கியது. இப்போது அடுத்தவர் வலைப்பூவைக் காப்பாற்ற வந்திருந்தான்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். துணிக்கடையில் தையல் வேலை. அளவு நாடா இன்னும் கழுத்திலேயே தொங்கியது.

“வாங்க தம்பி. அவரு ரூம் பின்னாடி இருக்கு. அந்த கம்ப்யூட்டர்ல மட்டும்தான் திறக்குது. பாஸ்வேர்டு அதுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.”

அவளுடைய கணவர் குழாய் வேலைக்காரர். பகலெல்லாம் குழாய், வேலை முடிந்து வந்தால் வலைப்பூ. ‘சொட்டாத வீடு’ என்று பெயர் வைத்து ஒன்பது வருடம் எழுதியிருந்தார். கேள்வி கேட்ட ஒருவரையும் அவர் பதில் இல்லாமல் விட்டதில்லை. விளம்பரத்தில் வந்த பணம் வீட்டு வாடகைக்குச் சரியாக இருந்தது. அவர் போய் ஐந்து மாதம் ஆயிற்று. புதிதாக எதுவும் வராததால் வாசகர்கள் குறைந்துகொண்டே போனார்கள். போன வாரம் விளம்பர நிறுவனத்திலிருந்து கடிதம்: முப்பது நாளில் எட்டுப் புதிய கட்டுரைகள் வராவிட்டால் விளம்பரங்கள் எடுக்கப்படும்.

“வர்றதுல பாதி உங்களுக்கு. அவரு எழுதின மாதிரியே இருக்கணும்னு இல்லை. உயிரோட இருந்தாப் போதும்.”

வலைப்பூவைத்தான் சொன்னாள்.

“அவருக்கு என்னக்கா ஆச்சு?”

“வேலையில போயிட்டாரு.” நாடாவைக் கழற்றி விரலில் சுருட்ட ஆரம்பித்தாள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் வெளிச்சம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூலையில் கை கழுவும் தொட்டி, சுவரெல்லாம் விதவிதமான குழாய்த் துண்டுகள். துருவும் ஈரச் சிமெண்டும் கலந்த வாசனை. அக்கா கடைக்குக் கிளம்பியதும் வீட்டில் அவன் மட்டும்.

அப்படித்தான் நினைத்தான்.

குழாயைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் திருகினால் தண்ணீர் வரும் என்பதுதான். அதனால் என்ன? பத்துத் தளங்களைத் திறந்து, அங்கே நாலு வரி இங்கே நாலு வரி எடுத்து, வார்த்தையை மாற்றிப் போட்டு, இரண்டு மணி நேரத்தில் ‘சமையலறைக் குழாய் சொட்டுகிறதா? பத்தே வழிகள்’ என்று வெளியிட்டான். ஒற்றுப் பிழைகூடக் கிடையாது.

மறுநாள் வந்து பார்த்தால் கட்டுரை தளத்தில் இல்லை. இன்னும் வெளியிடாதவை கிடக்கும் வரைவுகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

ஏதோ கைதவறுதல் என்று மறுபடி வெளியிட்டான். இன்னொன்றும் எழுதிச் சேர்த்தான். அடுத்த நாள் இரண்டும் வரைவில். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் அதே கதி. கடவுச்சொல்லை மாற்றலாம் என்றால் பழையது என்ன என்று கேட்டது. உதவிக்கு எழுதினால், ‘உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு இயந்திரம் பதில் சொன்னது.

“அக்கா, நீங்க ஏதாவது தொட்டீங்களா?”

“எனக்கு அதை ஆன் பண்ணவே பயம் தம்பி. கரண்டு பில்லுகூடக் கடைப் பொண்ணு கட்டித் தருது.”

பன்னிரண்டு நாளில் பதினோரு கட்டுரைகள் எழுதினான். தளத்தில் நின்றது பூஜ்யம். வாசகர்களோ நாளுக்கு நாள் கரைந்தார்கள். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கவில்லை. “இன்னைக்காவது ஏதாவது ஆச்சா?” என்று மனைவி கேட்கும்போதெல்லாம் எரிந்து விழுந்தான். அந்த எரிச்சலில் வேறு சில விஷயங்களை அவன் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் ஒதுக்கினான். காலையில் அவன் உட்காரும் நாற்காலி எப்போதும் ஈரமாக இருந்தது. விசைப்பலகையில் ஒரே ஒரு விசை மட்டும் வழுக்கியது. ஒழுகும் கூரை என்று நினைத்தான். மேலே நிமிர்ந்து பார்த்தால் கூரையில் ஒரு கீறல்கூட இல்லை.

பதின்மூன்றாம் நாள், என்ன எழுதுவது என்று தெரியாமல் பதிலில்லாத பழைய கேள்விகளைப் புரட்டினான். ‘பச்சைக்கதவு’ என்ற பெயரில் ஒருவர் நாலு மாதம் முன்பு கேட்டிருந்தார்: “எங்கள் வீட்டில் தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, அந்த சம்ப், ஏழு வருடமாக மூடிக் கிடக்கிறது. நானே இறங்கிச் சுத்தம் செய்யலாமா?”

அல்வா மாதிரி தலைப்பு. மளமளவென்று தட்டினான். மூடியைத் திறந்து பத்து நிமிடம் வையுங்கள். ஏணியை இறக்குங்கள். வாளி, துடைப்பம். கடைசியில் ஒரு வரி: இது மிகவும் எளிது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். கட்டுரையை வெளியிட்டு, பச்சைக்கதவின் கேள்விக்குக் கீழே சுட்டியையும் போட்டான்.

கண்ணெதிரே கட்டுரை வரைவுக்குப் போனது.

இதுவரை இரவோடு இரவாக நடந்தது, இப்போது அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது.

அவன் வெளியிட்டான். அது போனது.

வெளியிட்டான். போனது.

“டேய், யாருடா நீ?” என்று திரையைப் பார்த்துக் கத்தினான். “பதின்மூணு நாளா என் உயிரை வாங்குறே! நீயா நானா, பாத்துடலாம்!”

மூலையில் இருந்த குழாய் ஒரு முறை முனகியது. சுவருக்குள் எங்கேயோ இரும்பில் இரும்பு மோதியது. முதலில் மெதுவாக, பிறகு, பூட்டிய கதவை உள்ளேயிருந்து இடிப்பது போல. மேசை அதிர்ந்தது. சுவரில் தொங்கிய குழாய்த் துண்டு ஒன்று கழன்று காலடியில் உருண்டது. அவனுக்கு இருந்த கோபத்தில் பயம் உள்ளே நுழைய இடமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கிக்கொண்டே இருந்தான். விசைப்பலகை நனைந்து, தண்ணீர் மேசை விளிம்பில் கோடாக வழிந்தது.

இருபதாவது தடவையோ, முப்பதாவது தடவையோ. கட்டுரை தளத்திலேயே நின்றது.

இடிப்பதும் நின்றது.

“அப்படி வா வழிக்கு,” என்றான் மூச்சு வாங்க. ஜெயித்துவிட்டான். நாற்காலியில் சாய்ந்தான்.

கட்டுரையின் கீழே உடனே ஒரு பதில் வந்து விழுந்தது. பச்சைக்கதவு. “மிக்க நன்றி. இத்தனை நாள் தயங்கினேன். மூடியைத் திறந்துவிட்டேன். சாப்பிட்டதும் இறங்குகிறேன்.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கை கழுவும் தொட்டியிலிருந்து. குழாயின் வாயிலிருந்து.

யாரோ மூச்சு இழுக்கிறார்கள்.

எழுந்து போனான். குழாய் மூடியிருந்தது. திறந்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளங்கையைக் கீழே வைத்தான். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. கையின் தோலைக் குழாய் உறிஞ்சியது, நீளமாக, ஆவலாக, எவ்வளவு இழுத்தாலும் போதாதவனைப் போல. விட்டது. மறுபடி இழுத்தது.

அடுத்த இழுப்பு சற்றுத் தாமதமாக வந்தது.

அதற்கடுத்தது இன்னும் தாமதமாக.

அவன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். முதுகு சுவரில் இடித்தது. அக்காவின் கடைக்குப் போன் போட்டான்.

“அக்கா... அவரு எப்படிச் செத்தாரு?”

மறுமுனையில் தையல் இயந்திரங்களின் இரைச்சல். பிறகு அங்கே வேறு யாருக்கும் கேட்காத குரலில் அவள் சொன்னாள்:

“சம்ப்புல, தம்பி. ரொம்ப வருஷமா மூடிக் கிடந்த சம்ப்பு. அந்த வீட்டுச் சொந்தக்காரரு இறங்கி மயங்கிட்டாருன்னு இவரு ஓடிப் போய் இறங்கினாரு. உள்ள இருந்த விஷக் காத்துக்கு வாசனையே இருக்காதாம். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, ரெண்டு பேரும்... இவருக்கு அது தெரியும் தம்பி. தெரிஞ்சும் இறங்கினாரு. ஏன் கேக்கறீங்க?”

அவன் போனைப் போட்டுவிட்டு மேசைக்குப் பாய்ந்தான். கட்டுரையை நீக்கினான். பச்சைக்கதவின் பழைய கேள்விக்குக் கீழே எழுதினான்: “இறங்காதீர்கள். நான் எழுதியது தவறு. உள்ளே காற்று இல்லை. செத்துப்போவீர்கள். தயவுசெய்து இறங்காதீர்கள்.” திரும்பத் திரும்ப அதையே அனுப்பினான். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அவன் கைப்பட வந்த எழுத்தில் பிழைகள் மலிந்திருந்தன. தொலைபேசி எண் இல்லை. முகவரி இல்லை. எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. ஒரு கதவின் நிறம் மட்டும் தெரியும்.

பதில் வரவில்லை.

குழாயில் மூச்சு ஓய்ந்தது.

அறை சட்டென்று லேசானது. வாசனை இல்லை. ஈரம் இல்லை. விளக்குகூடக் கொஞ்சம் கூடுதலாக எரிவது போல் இருந்தது. பதின்மூன்று நாளில் இன்றுதான் அந்த வீட்டில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்று அவன் உணர்ந்தான். அப்படியென்றால் இத்தனை நாளும்?

மேலே யோசிக்க முடியவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தான். ஒரு மணி. இரண்டு மணி. நான்கு மணி. தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. அக்கா வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஐந்தரைக்குப் பதில் வந்தது. அவன் படிக்க, அவள் கேட்டாள்.

“உங்கள் செய்திகளை இப்போதுதான் பார்த்தேன். நான் ஏணியில் கால் வைக்கும்போது உங்கள் ஆள் வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்து, மூடியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். எவ்வளவு கேட்டும் பேசவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மூச்சு விடக் கஷ்டப்படுவது போல் தெரிந்தது. பயந்துபோய்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் வண்டி வாசலில் நின்றதும் எழுந்தார், எங்கே போனார் என்று பார்க்கவில்லை. கயிற்றில் ஒரு கருவியை உள்ளே இறக்கினார்கள். இரண்டடி போவதற்குள் அது அலற ஆரம்பித்தது. இறங்கியிருந்தால் பிணமாகத்தான் வந்திருப்பேன் என்றார்கள். என் இரண்டு பிள்ளைகளும் வீட்டில்தான் இருந்தார்கள். அவரை அனுப்பியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஒருத்தருக்கும் பதில் சொல்லாம விடமாட்டாரு,” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அன்றே ஓடிப்போயிருப்பான். போகாததற்குக் காரணம் தைரியம் இல்லை, வெட்கம். மறுநாளிலிருந்து அந்தப் பகுதிக் குழாய்க்காரர் ஒருவரின் பின்னாலேயே அலைந்தான். கேட்டான், பார்த்தான், கையில் அழுக்குப் பட்டுக்கொண்டான். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டித் திருத்தினான். முதல் கட்டுரை, மூடிய தொட்டிக்குள் ஏன் யாரும் தனியாக இறங்கக் கூடாது என்பது. அது வரைவுக்குப் போகவில்லை. கெடு முடிவதற்குள் எட்டும் நின்றன. விளம்பரங்கள் தப்பின. பழைய வாசகர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். “நடுவுல யாரோ கண்டவன் எழுதின மாதிரி இருந்துச்சு,” என்று ஒருவர் எழுதியதைப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தான்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. முடிந்தது என்று நினைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னறையில் அக்கா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தலைவலி. சுடுநீர்ப் பெட்டி பற்றிய கட்டுரையில் ஒரு இடம் புரியவில்லை. அந்தக் குழாய்க்காரரைக் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. சரி, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று குத்துமதிப்பாக ஒரு வரி எழுதி முடித்தான். கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துச் சோம்பல் முறித்தான்.

திரையில் கடைசி எழுத்து மறைந்தது.

பிறகு அதற்கு முந்தியது.

ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல், அந்த வரி பின்னோக்கிக் கரைந்தது. அவன் கைகள் இன்னும் தலைக்குப் பின்னால்தான் இருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு கீழே பார்த்தான்.

அழிக்கும் விசை தானாகக் கீழே போய், தானாக மேலே வந்துகொண்டிருந்தது.