தாளிப்பு நாள்

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழூரில் அன்று தாளிப்பு நாள். வாரத்தில் இரண்டே நாள்தான் அடுப்பில் கடுகு பொரியலாம். மற்ற நாளில் எண்ணெய் காய்ந்தாலே கூரையிலிருக்கும் மோப்பக்கருவி அலறித் தெருவையே கூட்டிவிடும். கண்ணாடிக் கூரை போட்ட ஏழு குமிழூர்களும் ஒரே காற்றைக் குழாய் வழியே பகிர்ந்துகொண்டிருந்தன. மிளகாய் நெடி காற்றுச் சல்லடைகளை அடைக்கிறதென்று ஏழு ஊர்களின் கூட்டமைப்பு போட்ட சட்டம் அது.

ஊர்த்தலைவி செங்கமலத்துக்கு அந்தச் சட்டத்தை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். "எங்க ரசத்துக்குத் தேதி குறிக்க அவங்க யாரு? பிரிஞ்சிடுவோம்!" என்று தெருத்தெருவாகப் பேசினாள்.

காற்றுப் பொறியாளன் இருதயராஜ் தலையைச் சொறிந்தான். "அக்கா, நம்மகிட்ட இருக்கறது ஒரே சல்லடை. அது திணறுனா மத்த ஆறும் கைகொடுக்குது. சேர்ந்து இருந்தாத்தான் எல்லாருக்கும் மூச்சு."

"பயந்தாங்கொள்ளி மாதிரி பேசாத தம்பி. வர்றதப் பார்த்துக்கலாம்."

வாக்கெடுப்பில் அவள் பக்கமே வென்றது. குழாயின் இரும்புக் கதவை அவளே திருகி மூடினாள். மனசு நிறைந்துபோயிற்று. மறுநாள் உச்சிப்பொழுதில் நானூறு வீட்டிலும் ஒரே நேரத்தில் தாளித்து விடுதலையைக் கொண்டாட வேண்டும் என்று அறிவித்தாள். அடேயப்பா, என்ன மணம்! கறிவேப்பிலையும் காய்ந்த மிளகாயும் பொரிய, ஊரே கைதட்டியது. கைதட்டல் அடங்குவதற்குள் இருமல் தொடங்கிவிட்டது. சல்லடை அடைத்துக்கொண்டு நின்றேபோனது.

செங்கமலம் அசரவில்லை. முகமூடி மாட்டிக்கொண்டு சல்லடைக்குள் இறங்கி, மூன்று நாள் தன் கையாலேயே கரியைச் சுரண்டினாள். பாதிதான் சரியாயிற்று. மறுபடி சேர வேண்டுமானால் மனுப் போடுங்கள், பரிசீலிக்க நான்காண்டு ஆகும் என்று கூட்டமைப்பு செய்தி அனுப்பியது.

"செத்தாலும் கெஞ்ச மாட்டேன்," என்றாள். சுதந்திரக் குமிழூரின் முதல் சட்டத்தை அன்றே எழுதினாள்: இனி மாதத்துக்கு ஒரு நாள்தான் தாளிப்பு.

மறுநாளே கீழத்தெருக்காரர்கள் தெருமுனையில் தகரத் தடுப்பு அடித்துத் தங்கள் காற்றைத் தனியே பிரிக்க ஆரம்பித்தார்கள். "எங்க ரசத்துக்குத் தேதி குறிக்க செங்கமலம் யாரு?" என்று அங்கே ஒரே கூச்சல்.

செங்கமலத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இருமிக்கொண்டே இருதயராஜிடம் கத்தினாள். "அறிவு வேணாம் இவங்களுக்கு? சேர்ந்து இருந்தாத்தானே எல்லாருக்கும் மூச்சு! போய் எடுத்துச் சொல்லு தம்பி."

"சொல்லிப் பார்த்துட்டேன்க்கா," என்றான் அவன். "பயந்தாங்கொள்ளின்னுட்டாங்க."