யாருகிட்டயாச்சும் விருது இருக்குதுங்களா?

ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் மாட்டிய, ஆளில்லாமல் தானே ஓடும் தன்னோட்டிக் காருக்குள் நாச்சிமுத்து இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தார். மேட்டில் ஒரு கூட்டமே நின்று வேடிக்கை பார்த்தது.

“யாராவது உடைங்களேன்!” என்று கத்தினாள் அவர் மனைவி கருணாம்பிகை. விழா மண்டபத்திலிருந்து அவளைக் கூட்டிப்போகத்தான் அவர் வந்தார். கார் மாட்டிக்கொண்ட தகவல் கேட்டு அவளே ஓடிவந்திருந்தாள்.

“கண்ணாடி உடைக்கற சுத்திக்குச் சொல்லியாச்சுங்க. வந்துட்டே இருக்குதுங்க,” என்றார் ஒருவர், பஸ்ஸுக்கு நிற்கிற நிதானத்தில்.

கெட்டவர்கள் இல்லை. எல்லோர் கண்ணிலும் பயன்வில்லை இருந்தது. எதைப் பார்த்தாலும் அது எதற்கு என்று எழுதிக்காட்டும் லென்ஸ் வில்லை. நாற்காலி: உட்கார. கரண்டி: பரிமாற. நாற்காலிமேல் ஏறி பல்பு மாட்ட நினைத்தாலே போதும், நாற்காலி மங்கிக் கண்ணைவிட்டு மறையும். பள்ளியில் சேர்க்கும்போதே மாட்டிவிடுவார்கள். கோயமுத்தூரில் விபத்து குறைந்துவிட்டதாம், மேடைதோறும் பீற்றல்! குறையாமல் என்ன செய்யும்? எவனும் எதையும் புதிதாகச் செய்து பார்ப்பதே இல்லையே!

இந்த எழவைக் கண்டுபிடித்தவளே கருணாம்பிகைதான். கத்தரிக்கோலால் பால்பவுடர் டப்பாவை நெம்பப்போய் விரலைக் கிழித்துக்கொண்ட அன்று உதித்த யோசனை. கத்தரிக்கோலில் நெம்புகோலைப் பார்த்த கண் அது. அந்தக் கண்ணை ஊருக்கெல்லாம் மூடிவிட்டு, அதற்கு இன்று விருதும் வாங்கியிருந்தாள்.

நாச்சிமுத்துவின் மார்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் கையில் இருந்தது அந்த விருதுதான். நல்ல கனமான வெண்கலம். ‘விருது: அலமாரியில் வைக்க.’ ஓங்கலாமா என்று நினைத்தாள், உடனே மறைந்தது. கையில் கனம் இருக்கிறது, கண்ணில் பொருள் இல்லை. “நாசமாப் போக!” என்று நகத்தால் வில்லையைத் தோண்டி எறிந்தாள். தண்ணீருக்குள் பாய்ந்து கண்ணாடியில் விருதைத் திரும்பத் திரும்ப இறக்கினாள். கண்ணாடி நொறுங்கியதும் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“உன்ற விருது நசுங்கிப்போச்சு, அம்மிணி,” என்று இருமினார் நாச்சிமுத்து.

“கெடக்குது சனியன்!” என்று அழுதாள்.

மறுநாள் வில்லை செய்யும் நிறுவனத்தின் தலைவர் அருணகிரியின் மேசையைக் கையால் அறைந்தாள். “எல்லாத்து கண்ணுல இருந்தும் கழட்டுங்க!”

“எதுக்குங்க மேடம் கழட்டணும்? ஒரு குறை இருந்துச்சு, சரிபண்ணியாச்சு. உங்களுக்கு இன்னொரு விருதுகூட உண்டு.”

சரிபண்ணிய லட்சணம் அன்றைக்கே எல்லோர் கண்ணிலும் தெரிந்தது. ‘விருது: அலமாரியில் வைக்க, காரின் கண்ணாடி உடைக்க.’

அடுத்த மழையில் கருணாம்பிகை அந்த வழியாக வந்தபோது, அதே பாலத்தடியில் வேறொரு கார் மூழ்கிக்கொண்டிருந்தது. உள்ளே பள்ளிக்குப் போகாத வயதில் ஒரு பெண் குழந்தை. அதன் அப்பன் மேட்டில் நின்று மாரில் அடித்துக்கொண்டான்.

“விருதுங்க! யாருகிட்டயாச்சும் விருது இருக்குதுங்களா?”

கூட்டம் முழுக்கப் போனும் கையுமாக, விருது வாங்கிய சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் காலடியில் ரோடு போடக் கொட்டிய கருங்கல் குவியல். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் சனம்! கருணாம்பிகை ஒரு கல்லை எடுத்துக்கொண்டு ஓடினாள். நாலு பேர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

“அது ரோட்டுக் கல்லுங்க! உசுரு போற நேரத்துல என்ன விளையாட்டு?”

“விடுங்கடா, குருட்டுப் பசங்களா!”

யாரும் விடவில்லை. அப்போது காருக்குள்ளிருந்து ‘டங்’ என்று சத்தம். குழந்தை தன் எவர்சில்வர் தண்ணிப் பாட்டிலால் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தது. கண்ணாடியில் விரிசல் ஓடியது.

அப்பன் பதறிப்போய்க் கையை ஆட்டினான். “பாப்பா, அது தண்ணி குடிக்கறது! கீழ வையி சாமி, அப்பா விருது கொண்டாறேன்!”

சொன்ன பேச்சு கேட்கிற குழந்தை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டது.