ரோஸியின் கட்டைவிரல்

சாயங்கால சந்தியாவந்தனத்தில், மூன்றாவது காயத்ரியில், கஸ்தூரிரங்கனுக்கு விரல் தவறியது. மோதிரவிரலின் நடுக்கணு ஒன்று, அடிக்கணு இரண்டு, சுண்டுவிரலின் அடிக்கணு மூன்று. பூணூல் போட்ட ஏழாம் வயதிலிருந்து அவன் கட்டைவிரல் ஜபத்தை எண்ணிக்கொண்டு தினமும் போய்வந்த வழி. இன்றைக்கு மூன்றாவது கணு எட்டவில்லை. எக்கிப் பார்த்தான். உள்ளங்கையின் பாதி வழியிலேயே நகம் நின்றுவிட்டது.

யாரிடமாவது காட்டலாமென்றால் வீட்டில் ஆளில்லை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மயிலாப்பூரே பாதி காலியாகிக் கிடந்தது. அம்மா அண்டா குண்டான்களோடு கும்பகோணம் போய்விட்டாள். வைகாசி பதினாலில் அங்கேதான் அவனுக்குக் கல்யாணம். காலேஜில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டரான அவன் மட்டும், ரோஸியை விட்டு வரமுடியாது என்று சொல்லித் தங்கிவிட்டான். ரோஸி யாரென்று தெரியாமல் அம்மா ஒரு பகல் முழுக்க அழுதது தனிக்கதை.

ரோஸி ஒரு சிம்பன்சி. அடையாற்றங்கரையில் ஒரு ஜமீன்தார் தம் தோட்டத்தில் வைத்திருந்த மிருகக்காட்சிசாலையில் இருந்தது. குரங்கின் கையமைப்பைப் பற்றி கஸ்தூரிரங்கன் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். ஞாயிறுதோறும் அதன் வலக்கையை ஸ்டாம்பு மையில் ஒற்றி, தாளில் பதித்துக்கொண்டு, ஒரு வாழைப்பழம் கொடுப்பான். முதல் வாரம் அது கையைத் தரவில்லை. பழக்குவதற்காகத் தன் கையையே மையில் ஒற்றிப் பதித்துக் காட்டினான். ரோஸி வெகுநேரம் அதைப் பார்த்தது. பிறகு, ஈரம் காயாத அந்தப் பதிவின்மேலேயே விரலுக்கு விரல் பொருத்தித் தன் கையை வைத்தது. பெரிய வெற்றி என்று சந்தோஷப்பட்டான், பாவம்.

இப்போது விளக்குக்குக் கறுப்புக் காகிதம் சுற்றி, அதற்கப்புறம் எடுத்த ஐந்து தாள்களையும் தரையில் பரப்பினான். முதல் தாளில் நீண்ட உள்ளங்கை, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் குட்டைக் கட்டைவிரல். சிம்பன்சிக்கு அப்படித்தான் இருக்கவேண்டும். அடுத்ததில் அது கொஞ்சம் நீளம். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தேதி போட்டு அவனே எழுதியிருந்தான்: மை அதிகம். கை நழுவியது. தாள் ஈரம். கண்ணால் கண்டதை நம்பாமல் மையின்மேல் பழிபோட்டிருக்கிறான்.

ஐந்தாவது தாளில் அந்த விரல் நுனியில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. தவளை அறுக்கும்போது பிளேடு கிழித்த தழும்பு அது. அவனுடைய தழும்பு. தன் கட்டைவிரலை விளக்கடியில் பிடித்தான். வழவழவென்று இருந்தது.

ஒரு நூலை எடுத்து ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுப் பார்த்தான். மூன்று முடிச்சு. வைகாசி பதினாலில் இதைத்தானே செய்யவேண்டும்? நூல் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. பெண் கழுத்துக்குப் பின்னால் இந்தக் கையோடு நிற்பதை நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

விடியவிடிய யோசித்ததில் ஒரே வழிதான் தெரிந்தது. அன்றைக்கு அவன் பதித்தான், அதன்மேல் அது பதித்தது. இந்தமுறை அது முதலில் பதிக்கட்டும், அதன்மேல் அவன் பதிப்பான். போனது திரும்பிவிடும். காலையில் சைக்கிளை எடுத்தான். வழியில் மணியடிக்க விரல் எட்டவில்லை.

தோட்டத்தின் கேட்டிலேயே காவல்காரர் வலியுல்லா நின்றிருந்தார்.

"வந்துட்டியா சாமி? ரெண்டு நாளா ரோஸி ஒண்ணும் துன்னல. கையவே பாத்துக்கினு கீது."

"உடம்பு சரியில்லையா, பாய்?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. எண்ணிக்கினு கீது சாமி, வெரலால. நீ மத்தியானத்துல மரத்தடில நின்னுக்கினு கண்ண மூடி எண்ணுவியே, அதே மாரி." அவர் சாவியை அவன் கையில் வைத்தார். "நான் உள்ள வரல. நீ போய்ட்டு வா."

உள்ளே நல்ல வெயில். ஆனாலும் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. கழிமுகத்துச் சேற்று நாற்றமும், ஈர வைக்கோலும், கறுத்து அழுகிய வாழைப்பழங்களின் புளிப்பும் சேர்ந்து தொண்டையில் படிய, இருபுறத்துக் கூண்டுகளிலும் இருந்த மான்களும் நரிகளும் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரே திசையைப் பார்த்து நின்றன. கடைசிக் கூண்டு. ரோஸி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. வலது தோள் மட்டும் லேசாக அசைந்தது. பத்து அசைவு. ஒரு நிறுத்தம். மறுபடியும் பத்து.

தாளையும் மைப்பெட்டியையும் பென்சிலையும் கம்பிக்கு உள்ளே வைத்தான். கையிலிருந்த பழத்தையும் வைத்தான்.

"ரோஸி," என்றான். "கை குடு."

அசைவு நின்றது. அது திரும்பியது.

கையைத் தரவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

வலிக்கவில்லை. அவன் அதைப் பிடிக்கிற அதே பிடிதான். இழுத்தான். வரவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாக மையில் உருட்டியது. பொறுமையாக. தாளில் வைத்தது. மேலே தன் உள்ளங்கையால் அழுத்தியது. எடுத்தது.

தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவனும் பார்த்தான். நீண்ட உள்ளங்கை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில், குட்டையாக ஒரு விரல்.

"சாமி! ஆச்சா?" கேட்டிலிருந்து வலியுல்லாவின் குரல்.

அவன் கேட்டுப் பக்கம் தலையைத் திருப்பினான்.

ரோஸி வாழைப்பழத்தை எடுத்து அவனிடம் நீட்டியது. வேண்டாம் என்று நினைத்தான். கை வாங்கிக்கொண்டது.

பிறகு அது பென்சிலை எடுத்தது. தழும்புள்ள கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்து, தாளின் ஓரத்தில் தேதி போட ஆரம்பித்தது.