பன்னிரண்டு கிலோ தேன்பெட்டி

காலை 6.10. குற்றாலம் அடிவாரத் தோப்பில் ஏழாவது தேன்பெட்டியைக் காணவில்லை. அது இருந்த இரும்பு ஸ்டாண்டு மட்டும் நின்றது.

முத்துசெல்வியிடம் இருந்ததிலேயே வலுவான கூட்டம் அது. அடுத்த மாதம் அதைப் பிரித்துப் புதுப் பெட்டிகள் வைக்க இருந்தாள். அச்சன்புதூரில் தேனீ வளர்க்கும் கடற்கரை அண்ணாச்சி அவளோடு இரண்டு நாள் தோப்புத் தோப்பாகத் தேடினார்.

அவள் பெட்டிகள் எல்லாவற்றின் அடிப்பலகையிலும் எடைக்கருவி பொருத்தியிருப்பது திருடனுக்குத் தெரியாது. தினமும் மாலையில் முத்துசெல்வியின் போனுக்கு அந்தப் பெட்டியின் எடையும் வந்துகொண்டே இருந்தது. இடம்தான் தெரியவில்லை. கருவியின் சிம் எந்த டவரில் இருக்கிறது என்ற விவரம் வரப் பத்து நாளாகும் என்றது போலீஸ்.

ஆறாம் நாள், காலை 11.00. காவல் நிலையம்.

"மாரிராஜ்தான் மேடம்," என்றார் ஏட்டு சுடலைமுத்து. "வாசுதேவநல்லூர்ல தேனீ வளக்கான். அங்கன இந்தம்மா பெட்டியும் ஒண்ணு இருக்கு, சராசரி எடை பன்னெண்டு கிலோ. காணாமப்போனதும் பன்னெண்டு. அச்சன்புதூர்ல இருக்க இவுக பெட்டி எட்டுதான்."

"நான் எதுக்கு எடுக்கேன்?" விசாரணைக்குக் கூட்டி வந்திருந்த மாரிராஜ் பெஞ்சிலிருந்து எழுந்தான்.

எஸ்.ஐ. உமாராணி புள்ளியியல் படித்தவள். "முத்துசெல்வி, எடை ஏன் ஏறி இறங்குது?"

"வெயிலடிச்சா தேன் கொண்டாரும், ஏறும். மழை பெஞ்சா உள்ளயே இருந்து தின்னும், இறங்கும்."

"அப்ப சராசரியை விடுங்க. ஒவ்வொரு நாளும் சராசரிக்கு மேலயா கீழயான்னு பாருங்க."

உமாராணி ஐந்து நாள் விலகல்களை எழுதி, காணாமல் போன பெட்டியின் விலகலை மற்றப் பெட்டி ஒவ்வொன்றின் அதே நாள் விலகலோடு பெருக்கினாள். இரண்டும் சேர்ந்து ஏறினாலும் இறங்கினாலும் பெருக்கல் பிளஸ். எதிரெதிராகப் போனால் மைனஸ். வாசுதேவநல்லூர்ப் பெட்டியோடு பிளஸ்ஸும் மைனஸும் அடித்துப் போய், மிஞ்சியது கிட்டத்தட்ட பூஜ்யம். அச்சன்புதூர்ப் பெட்டியோடு ஐந்து நாளும் பிளஸ்.

"இதுதான் கோவேரியன்ஸ். உடன்மாறுபாடு."

"தற்செயலா இருக்கலாம்லா மேடம்?" என்றார் ஏட்டு.

உமாராணி திருட்டுக்கு முந்தைய வாரக் கணக்கையும் போட்டாள். அப்போது காணாமல் போன பெட்டி குற்றாலத்துப் பெட்டிகளோடுதான் ஏறி இறங்கியிருந்தது.

"திருட்டுக்கு அப்புறம் அது அச்சன்புதூர் வெயில்லயும் மழையிலயும் இருக்கு. அங்க தேனீ வளக்கிறது யாரு?"

முத்துசெல்வி திகைத்தாள். "என்னைய விட்டா கடற்கரை அண்ணாச்சி மட்டுந்தான்."

மாலை 3.40. கடற்கரையின் தோட்டத்து மோட்டார் அறைக்குப் பின்னால் பெட்டி இருந்தது. அவர் தலைகுனிந்தார். "எங்கூட்டமெல்லாம் செத்துப் போச்சு தாயி."

"கேட்டிருந்தா ஒரு பெட்டி பிரிச்சுத் தந்திருப்பனே அண்ணாச்சி!"

ஏட்டு அவரை ஜீப்பில் ஏற்றினார். பெட்டியைத் திருப்பி ஏற்றிப் போக மாரிராஜ் தன் வேனோடு வந்து நின்றான். முத்துசெல்வி பெட்டிக்குள்ளிருந்து தேனடை கட்டிய ஒரு சட்டத்தைத் தூக்கி உமாராணிக்கு வெயிலில் காட்டினாள். அடையின் அறைகளில் வெள்ளை வெள்ளையாக இன்று இட்ட முட்டைகள்.

"ராணித் தேனீ உசுரோட இருக்கு மேடம்," என்றாள். "அடுத்த மாசம் பிரிச்சிரலாம்."