மூச்சை அடக்கினால் வருமாம்

தன் காலடி பட்டதும் தெறித்து ஓடும் வெட்டுக்கிளிகள், முன்னால் போகும் நாத்தனாரின் காலுக்கு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

கோடையின் மாலை வெயில். காய்ந்த புல்லின் வாசனையும், வழிநெடுகப் பூத்துக் கிடந்த மஞ்சள் காட்டுப்பூக்களின் லேசான கசப்பும், எங்கிருந்தோ ஓயாமல் இரைந்த சிள்வண்டும் சேர்ந்து அவளுக்குத் தலைவலியைக் கொடுத்தன. ஒரு முயல் நாத்தனாரின் செருப்பை நிதானமாக முகர்ந்துவிட்டுப் போனது. கணவன் கேமராவை இறக்கவே இல்லை.

"பாத்தியா பட்டாசு? நீ வந்தா காடே காலி. சிட்டு கூப்பிடாமலே எல்லாம் வருது."

அவளைப் பட்டாசு என்பதும் தங்கையைச் சிட்டு என்பதும் அவன் வைத்த பெயர்கள்தான். வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கச் சிட்டுவின் படங்கள்: தோளில் மரங்கொத்தி, விரலில் தும்பி. கட்டிய மனைவிக்கு அதில் ஓர் ஓரம்கூட இல்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

அவன் லென்ஸ் மாற்றக் குனிந்த நேரத்தில் மெல்லக் கேட்டாள். "உங்கிட்ட மட்டும் எப்படி வருது?"

"மூச்ச அடக்கணும் அண்ணி. அதுங்களுக்கு மூச்சுதான் பயம்." சிட்டு உதட்டால் மட்டும் சிரித்தாள். "நான் மூச்சு விட்டே ரொம்ப நாளாச்சு."

வாய்க்கொழுப்பு என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பூக்களுக்கு நடுவே போய் நின்று மூச்சை அடக்கினாள்.

சிள்வண்டின் இரைச்சல் நின்றது. அணில் ஒன்று புடவையைப் பற்றி ஏறி இடுப்பில் ஒண்டியது. மைனா தோளில் இறங்கியது. கீரி காலோடு ஒட்டிப் படுத்தது. வந்துவிட்டன! தன்னிடம்! சிட்டு பார்க்கட்டும், கண் குளிரப் பார்க்கட்டும் என்று அவள் மனம் துள்ளியது.

போதும் என்று மூச்சை இழுத்தாள். வரவில்லை.

மறுபடி இழுத்தாள். நெஞ்சு அசையவில்லை. விரல் அசையவில்லை. கத்தினாள். சத்தமில்லை.

ஒரு பட்டாம்பூச்சி அவளுடைய திறந்த கண்ணின்மேல் உட்கார்ந்தது. இமைக்க முடியவில்லை. அதன் சுருள் குழல் மெல்ல விரிந்து, விழியின் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கியது.

சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவளைப் போல, சிட்டு வாயைப் பிளந்து மூச்சை வாரி வாரி இழுத்துக்கொண்டிருந்தாள்.

கணவன் திரும்பினான். இத்தனை வருடமாக அவள் ஏங்கிய பார்வை அவன் முகத்தில் இருந்தது.

"அடேயப்பா... என்ன அழகுடி நீ! அப்படியே இரு. அசையாத."

கேமரா சொடுக்கியது. மிச்சமிருந்த கண்ணைத் தேடி இரண்டாவது பட்டாம்பூச்சி வந்து இறங்கியது.