விரியாத ஊதா மொட்டு

“கையை எடுங்க மர்ச்சாந்தே... வாங்குறதா இருந்தா தொடுங்க. தொட்டுப் பாத்துட்டுப் போறவங்களுக்குச் செடி காட்சிப் பொருள் இல்ல.”

வஹாக்கா சந்தையில் வாங்குபவரும் மர்ச்சாந்தே, விற்பவளும் மர்ச்சாந்தே. ஒத்தீலியா தினமும் நூறு தடவை சொல்லும் வசனம்தான். ஆனால் அவன் நிமிர்ந்ததும் அடுத்த வசனம் மறந்துவிட்டது. மழை விட்ட மலைச்சரிவு மாதிரி கண்கள்...

“இது எங்க கிடைச்சுது?”

“விலை கேக்காம ஊர் கேக்குற மொத ஆள் நீங்கதான்.”

கிறிஸ்துமஸ் குடிலுக்காக மலையிலிருந்து பறித்து வரும் புரொமெலியாட் செடிகள் அவள் சரக்கு. அன்னாசிக்குத் தூரத்துச் சொந்தம். மரத்திலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு பனியைக் குடித்தே வளர்பவை. அவன் பிடித்திருந்ததில் சாம்பல் இலைகள், நடுவே ஊதா மொட்டுகளோடு ஒரு கதிர்.

நூற்றைம்பதுக்கு இறங்கும் உத்தேசத்தோடு இருநூறு பெசோ என்றாள். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனான். அவளுக்குத்தான் அவமானமாக இருந்தது... பேரம் பேசாத ஆண்பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது?

மறுநாள் காலை மறுபடி வந்தான். பெயர் ஃபெர்மீன், தலைநகரப் பல்கலைக்கழகத்தில் தாவர ஆராய்ச்சி.

“இலையைப் பாத்தா ரொம்பச் சாதாரணம். பூவைப் பாத்தா இதுவரைக்கும் யாருமே பேர் வைக்காத செடி. மொட்டு விரிஞ்சதும் மகரந்தத் தாளை எண்ணி எழுதிட்டேன்னா புது இனம்... வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பணும்.”

ஒத்தீலியா திரும்பிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் தெளித்தாள். பூக்காத செடி விலை போகாது. அதனால் வேறொரு செடியின் கதிரை வெட்டி, முள்ளில் கோத்து, நடுவில் செருகி, பாசியால் மூடி விற்பது சந்தையில் எல்லாருக்கும் கைவந்த வேலை. அவளும் அதைத்தான் செய்திருந்தாள். வெட்டிய கதிர் எப்படி விரியும்?

அவன் தினமும் சோளக்கஞ்சிக் குவளையோடு வந்து நின்றான்.

“இன்னைக்கும் விரியல. ஜன்னலோரமாத்தான் வச்சிருக்கேன்.”

“பாட்டுப் பாடிப் பாருங்க.”

“பாடினேன். பக்கத்து ரூம்காரர் ரூமையே மாத்திக்கிட்டார்.”

சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு ஒரே செடியை நாலு தடவை இடம் மாற்றி வைத்தாள். பக்கத்துக் கடை சோனா அக்கா கவனித்துவிட்டாள்.

“வாயைத் திறந்துடாதடி. ஒருத்தி ஒத்துக்கிட்டா எல்லாரோட செடியையும் பிச்சுப் பாப்பாங்க. அவன் ஊருக்குப் போயிடுவான். நாம இங்கதான் கிடக்கணும்.”

வியாழக்கிழமை அவன் செடியையே தூக்கிக்கொண்டு வந்தான்.

“விரியலன்னாலும் போகட்டும்... மொட்டை அறுத்து எண்ணி அனுப்பிடறேன். பேரு... உங்க பேரைத்தான் வைக்கலாம்னு இருக்கேன்.”

பொய் வெளியானதும் பல்கலைக்கழகத்துப் பெரிய மனிதர்கள் கூடி அவனைப் பார்த்துச் சிரிப்பது அவள் கண்ணில் தெரிந்தது. அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்... கை நீட்டினாள். ஒரே இழுப்பு. கதிர் முள்ளோடு கையில் வந்தது.

“இது ரெண்டு செடி, மர்ச்சாந்தே. சேத்தது நான்.”

அவன் கதிரை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தான். சோனா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று ஒத்தீலியா ஒரு செடிகூட விற்கவில்லை. யார் என்ன விலை கேட்டார்கள் என்பதே காதில் ஏறவில்லை.

கடை கட்டும் நேரத்தில் திரும்பி வந்தான்.

“எதுக்குச் சொன்னீங்க?”

“பேரம் பேசியிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். பேரமே பேசாத ஆளை ஏமாத்துறதுல என்ன கௌரவம் இருக்கு?”

“அவ்வளவுதானா?”

கடைப் பலகையைத் துடைத்தாள்... துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“கட்டுரை நாளைக்குப் போகாதுன்னு சொல்லிட்டேன்,” என்றான். “ஆனா அந்தக் கதிர் எந்தச் செடியோடதுன்னு இன்னும் தெரியல.”

“காலையில ஆறு மணிக்கு மலை வண்டி. அந்தக் கதிரை வெட்டின பாறையை யாருக்கும் காட்டினதில்ல. வழுக்கும்... கையைப் பிடிச்சுக்கணும்.”

மலையில் தூறல். மேகம் பாறையைத் தொட்டுத் தொட்டு விலகியது. அகலமான சிவப்பு இலைகள், நடுவே அதே கதிர்... மொட்டுகள் விரிந்திருந்தன. அவன் லென்ஸை எடுத்தான். ஆனால் பூவைப் பார்க்கவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

“எண்ணலையா?”

“எண்ணி முடிச்சா ஊருக்குப் போகணும்... உங்களை விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல.”

அவள் இமையில் ஒரு துளி நின்றது. மழையா இல்லையா என்று அவன் கேட்கவில்லை.

“அப்போ மெதுவா எண்ணுங்க... ஃபெர்மீன்.”

முதல் முறையாகப் பெயர்.

“ஒண்ணு,” என்றான்.

வெகுநேரம் இரண்டு வரவில்லை.