அனுமதி கேட்கும் பெட்டி

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற சோமசேகரம், அவர் மனைவி அன்னலட்சுமி, மகள் கீர்த்தனி, தன் மகனுக்குக் கீர்த்தனியைக் கேட்டுச் சீனன்குடாவிலிருந்து வந்திருந்த இரத்தினசிங்கம். வேறு எவரும் இல்லை. சோமசேகரத்தின் மகன் கஜீபன் கத்தாரில் வேலை பார்ப்பதாக ஊருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இரத்தினசிங்கம் தட்டிலிருந்து ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்தபோதுதான் சோமசேகரத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. வாடைக்காற்று மழையை அள்ளி ஓட்டின் மேல் வீசிக்கொண்டிருந்தது. துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பலின் நீண்ட ஊதல் வந்து அடங்கியது. அவை எல்லாவற்றுக்கும் கீழே, பக்கத்து அறையின் மூடிய கதவுக்குப் பின்னால், கணினியின் காற்றாடி யாரோ தூங்குவதுபோலச் சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஏழு மாதங்களாக அதை எவரும் தொடவில்லை.

"இருங்கோ, யன்னல் ஒண்டு திறந்து கிடக்குது போல," என்று எழுந்தார்.

அறைக்குள் உப்பும் சேறும் கலந்த மணம் நின்றது. திரை ஒளிர்ந்தது. அதன் நடுவில் ஒரு சிறு பெட்டி: இந்த விளையாட்டு உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா? நிர்வாகியின் கடவுச்சொல்லை இடுக.

அந்தப் பெட்டி அவருக்குப் பழக்கமானது. கணினி வாங்கிய அன்றே நிர்வாகியாகத் தன் பெயரைப் பதிந்து, கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டார். முப்பத்துநான்கு வருடம் அவர் கையொப்பம் இல்லாமல் அலுவலகத்தில் ஒரு கோப்பும் நகர்ந்ததில்லை. வீடு அதற்குக் குறைந்ததா? கஜீபன் உயர்தரப் பரீட்சையில் தவறிய பிறகு எந்த விளையாட்டுக்கும் அவர் அந்தச் சொல்லை இடவில்லை.

குடாவுக்கு அக்கரையில் மூதூரிலிருந்த சிநேகிதன் ரிஷாத்தான் வழி கண்டுபிடித்துக் கொடுத்தான். இரண்டு வரி எழுதிய ஒரு சிறு கோப்பு. விளையாட்டை அதன்மேல் இழுத்துப் போட்டால், பெட்டி வராது. அனுமதி கேட்காமலே திறந்துவிடும். அதைப் பிடித்த அன்று சோமசேகரம் மகனை முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் அழித்தார்.

"என்னைக் கேளாமல் இந்த வீட்டில ஒண்டும் ஓடாது, விளங்குதோ?"

"கேட்டாலும் தரமாட்டியள். கேளாமல் செய்தாலும் குற்றம். நான் என்னப்பா செய்யிறது?"

மறுநாள் கஜீபன் யாருடையதோ ஒரு சிறு படகை அவிழ்த்துக்கொண்டு, ரிஷாத்தின் வீட்டில் விளையாடுவதற்காகத் தனியே மூதூருக்குப் புறப்பட்டான். கொட்டியாரக்குடாவில் படகு கவிழ்ந்து மிதந்தது. அவன் கிடைக்கவில்லை. கயிறு அறுந்து படகு போய்விட்டதென்று உரிமையாளர் நினைத்தார். சோமசேகரம் அவரைத் திருத்தவில்லை. களவாய்ப் படகெடுத்து, ஒரு விளையாட்டுக்காகச் செத்தவன் பிறந்த வீடு என்ற பெயரோடு கீர்த்தனியை எந்த வீட்டுக்கு அனுப்புவது? அவன் புறப்பட்டதை அறிந்திருந்த ரிஷாத்திடம், வெளியே சொல்வதில்லையென்று சத்தியம் வாங்கினார். கத்தார் என்ற கதை அப்படி உண்டானது.

"செத்த பிள்ளைக்கு எட்டுச் செலவும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை," என்று அன்னலட்சுமி இரவெல்லாம் கேட்டாள். "என்ர பிள்ளை எங்க போய் நிக்கும்?"

"கலியாணம் முடியட்டும்," என்றார் அவர்.

இப்போது பெட்டியில் 'இல்லை' என்பதை அழுத்தினார். மறைந்தது. திரும்ப வந்தது. இல்லை. திரும்ப வந்தது. இல்லை. குனிந்து மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கினார். காற்றாடி ஓய்ந்தது. நிமிரும்போது கை கதிரையில் பட்டது. பிரம்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மேலே பார்த்தார். கூரை ஒழுகவில்லை.

கூடத்தில் இரத்தினசிங்கம் நல்ல மனநிலையில் இருந்தார்.

"அண்ணை, உங்கட மகனையும் ஒருக்கா வீடியோவில எடுங்கோவன். எங்கட பெடியனுக்கு மச்சான் எல்லோ, முகம் பாக்காமல் எப்பிடி?"

"இப்ப ஏலாது. அவருக்கு வேலை நேரம்."

"கத்தாரில சனிக்கிழமை லீவெல்லோ?"

கீர்த்தனி தேத்தண்ணிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னலட்சுமி கணவனைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ," என்றாள் மெதுவாக. "சொல்லிப்போடுங்கோ. இண்டைக்காவது."

ஒரு வாக்கியம் போதும். சொன்னால் மகனுக்குக் கிரியை உண்டு. சோமசேகரம் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"அவருக்கு ஓவர்டைம்," என்றார்.

உடனே அறைக்குள்ளிருந்து விளையாட்டின் தொடக்க இசை எழுந்தது.

இரத்தினசிங்கம் சிரித்தார். "உள்ளுக்க ஆரோ கேம் அடிக்கினம். எங்கட மாப்பிளையும் உதுதான்! பொம்பிளை பாக்கப் போவம் வா எண்டால், இந்த ரவுண்ட் முடியட்டாம்!"

எவரும் சிரிக்கவில்லை. சோமசேகரம் அறைக்குப் போனார்.

மின்செருகி அவர் போட்ட இடத்திலேயே தரையில் கிடந்தது. திரை ஒளிர்ந்தது. பெட்டி இல்லை. கடவுச்சொல் கேட்கும் கட்டம் இல்லை. விளையாட்டு நேரே திறந்திருந்தது. மூலையில் விளையாடுபவரின் பெயர்: கஜீபன்.

திரை முழுவதும் தண்ணீர். யாரோ ஒருவரின் கண்ணால் பார்ப்பதுபோல, அலைமட்டத்தில், கரை நெருங்கி வந்தது. இறங்குதுறை. மழையில் ஒரு ஒழுங்கை. அவர்களுடைய வேலி. அவர்களுடைய கிணற்றடி.

விசைப்பலகையில் ஒரு விசை அழுந்தியது. எழுந்தது. மறுபடி அழுந்தியது. ஒவ்வொரு முறையும் அதன் குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியது.

'இல்லை' என்பதைத் தேடினார். அழுத்துவதற்கு எதுவும் இல்லை.

திரையில் பின்கதவு. மிக அருகில்.

"நான் அனுமதிக்கேல்லை," என்றார்.

பின்கதவின் தாழ்ப்பாள் விலகும் ஓசை. திரையில் அல்ல. வீட்டில்.

"நனைஞ்சு போனாய், மோனே," என்று அன்னலட்சுமியின் குரல் கேட்டது. "வா. வந்து இரு."

அவர் கூடத்தின் வாசலில் வந்து நின்றார். இரத்தினசிங்கம் இரண்டு கால்களையும் கதிரை மேல் தூக்கி வைத்திருந்தார், தரையெங்கும் தண்ணீர். கீர்த்தனி தலை நிமிராமல் ஐந்தாவது கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். வெறும் கதிரை ஒன்றின் முன் நின்று, தலை இருக்கும் உயரத்தில், அன்னலட்சுமி துவாயால் துவட்டினாள். துவாய் ஒரு தலையின் வடிவில் குவிந்திருந்தது. சொட்டியது. சேறு. பாசி.

அவள் கை நின்றது.

துவாய்க்குள் இருந்தது மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

சோமசேகரம் கடைசியில் மனமிரங்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்தபடியால்தான் அது உள்ளே வந்தது என்று கடைத்தெருவில் ஒரு கதை உண்டு. அது தவறு. அவர் கொடுக்கவில்லை. கடைசியில் அவரிடம் எவரும் கேட்கவும் இல்லை.